வாஷிங் ரூம் ஈரப்பதத்த குறைச்சா கரண்ட் மிச்சமாகுமா? ஷாப் படத்துல இருந்து எதெல்லாம் சொல்லலாம், எத சொல்லக்கூடாது

கேள்விய நான் புரிஞ்சுகிட்ட மாதிரி முதல்ல சொல்லிடுறேன், ஏன்னா ஒரே கேள்வி மாதிரி தெரிஞ்சாலும் உள்ள மூணு இருக்கு. பெல்ஜியத்துல ஒரு வீட்டோட கரண்ட் டேட்டாவ எடுத்து எக்ஸ்ஜிபூஸ்ட் (நிறைய முடிவு மரங்கள சேத்து கணிக்கிற மாடல்) ஓட்டியிருக்கீங்க, ஷாப் படம் (SHAP, எந்த உள்ளீடு கணிப்ப எவ்வளவு தள்ளுச்சுன்னு காட்டுறது) போட்டா துணி துவைக்கிற ரூமோட ஈரப்பதமும் கிச்சன் சூடும் மேல வந்து நிக்குது, அத வச்சு "ஈரப்பதத்த குறைச்சா மின்சாரம் மிச்சமாகும்"னு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல எழுதலாமான்னு கேக்குறீங்க. உங்க கைடு "எதுக்கு இவ்வளவு, லீனியர் ரெக்ரஷன் (ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் ஒரு எடை போட்டு கூட்டுற நேர்கோட்டு மாடல்) போதும், அதுதான் புரியும்"னு சொல்றார், அது சரியான்னு கேக்குறீங்க. கடைசியா, மதுரையில உங்க வீட்டு பில்லுக்கும் இதே மாடல் ஒத்து வருமான்னு. எழுதக்கூடாது, பாதி சரி, ஒத்து வராது. இதான் மூணுக்கும் பதில். ஆனா ஏன்னு தெரியாம இத எடுத்துட்டு போய் வைவால நின்னீங்கன்னா பிரயோஜனமில்ல, அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன். கட்டடங்களோட மின்சார டேட்டாவ பாத்து கணக்கு சொல்றது என் பொழப்பு, மருத்துவம் பேங்க் மாதிரி மத்த துறையில இந்த டெக்னிக் எல்லாம் எப்படி நடக்குதுன்னு நான் பேச வரல.

முதல்ல அந்த வீட்ட பத்தி. இந்த டேட்டாவ எடுத்து ஓட்டுறவங்கள்ல நிறைய பேரு வீடு எதுன்னு படிக்கிறதே இல்ல, நேரா சிஎஸ்வி ஃபைல டவுன்லோட் பண்ணிட்டு ஆரம்பிச்சிடுறாங்க. மோன்ஸ் பல்கலைக்கழகத்துல கேன்டனெடோவும் கூட ரெண்டு பேரும் சேந்து 2017-ல வெளியிட்ட ஆய்வோட டேட்டா இது. ஸ்டாம்ப்ரூஜ்ங்கிற ஊர்ல 2015 கடைசியில கட்டி முடிச்ச வீடு, சக்தி கம்மியா செலவாகணும்னே வடிவமைச்சது. ரெண்டு பெரியவங்க, டீன் ஏஜ் பசங்க ரெண்டு பேரு, பெரியவங்கள்ல ஒருத்தர் அடிக்கடி வீட்ல இருந்தே வேலை பாக்குறவர். 2016 ஜனவரி 11-ல இருந்து மே 27 வரைக்கும் 10 நிமிஷத்துக்கு ஒரு ரீடிங், மொத்தம் 19,735 வரி. ஒம்பது இடத்துல வெப்பமும் ஈரப்பதமும் அளந்திருக்காங்க, வெளி வானிலை பக்கத்துல ஷியேவ்ர் விமான நிலையத்துல இருந்து எடுத்தது. இதுல ரொம்ப முக்கியமான ஒரு விஷயம், அந்த வீட்ட பெரும்பாலும் சூடாக்குறது விறகு அடுப்பு. அதாவது குளிர் அடிச்சா கரண்ட் ஏறும்ங்கிற சாதாரண கதையே இந்த டேட்டாவுக்கு நேரடியா பொருந்தாது, நீங்க கணிக்கிறது சூடேத்துற செலவ இல்ல, வீட்டு சாமான்கள் இழுக்குற மின்சாரத்த. இது தெரியாம "வெளி வெப்பநிலை குறைஞ்சா ஹீட்டிங் லோடு கூடுது"னு விளக்கம் எழுதின ரிப்போர்ட்ட எல்லாம் நான் பாத்திருக்கேன்.

இப்ப உங்க ஈரப்பதம். வாஷிங் ரூம்ல ஈரப்பதம் ஏன் ஏறுது? துணி துவைக்கிறாங்க, காயப்போடுறாங்க, மெஷின் ஓடுது. மெஷின் ஓடினா மீட்டர் ஏறுது, கூடவே ஈரமும் ஏறுது. ரெண்டும் ஒரே வேலையோட ரெண்டு தடயம். மாடலுக்கு அந்த மெஷின் ஆன்ல இருக்கா ஆஃப்ல இருக்கான்னு நீங்க சொல்லல, அதனால அது ஈரத்த பாத்து ஊகிக்குது, கெட்டிக்காரத்தனமாதான் ஊகிக்குது. ஆனா நீங்க போய் அந்த ரூம்ல டீஹ்யூமிடிஃபையர் வச்சு ஈரத்த குறைச்சீங்கன்னா மெஷின் இழுக்குற கரண்ட் ஒரு வாட் கூட குறையாது, டீஹ்யூமிடிஃபையர் இழுக்குறதும் சேந்து பில் ஏறத்தான் செய்யும். கிச்சன் சூடும் இதேதான், அடுப்பும் ஓவனும் எரியிறதால கிச்சன் சூடாகுது, கிச்சன் சூடா இருக்குறதால அடுப்பு எரியல. இத்தனைக்கும் அந்த ஆய்வு பண்ணவங்களும் கிச்சன், வாஷிங் ரூம், ஹால் மூணோட அளவுகள்தான் கணிப்புக்கு அதிகம் உதவுதுன்னு சொல்றாங்க, கணிப்புக்கு உதவுதுன்னு சொல்றதுல ஒரு தப்பும் இல்ல. "அதனால இத மாத்துங்க"னு அடுத்த அடி எடுத்து வைக்கிறது நீங்க, ஷாப் அத சொல்லல.

ஷாப் என்னதான் சொல்லுது? லாய்ட் ஷாப்லி 1953-ல கூட்டு விளையாட்டுல கெடச்ச லாபத்த ஆளாளுக்கு எப்படி நியாயமா பங்கு போடுறதுன்னு ஒரு கணக்கு போட்டார், அத 2017-ல லண்ட்பெர்க்கும் லீயும் மாடல் கணிப்புகளுக்கு கொண்டு வந்தாங்க. ஒரு குறிப்பிட்ட 10 நிமிஷத்துக்கு மாடல் 210 வாட்-ஹவர்னு சொல்லுதுன்னு வைங்க, சராசரி கணிப்பு 98, மிச்சம் இருக்குற 112-ல மணி எவ்வளவு, கிச்சன் எவ்வளவு, ஈரம் எவ்வளவுன்னு பிரிச்சு குடுக்கும், எல்லா பங்கையும் கூட்டுனா சரியா 112 வரும். இந்த கூட்டல் கண்டிப்பா சரியா வரும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா பங்கு போடப்படுறது மாடலோட கணிப்பு, வீட்டோட கரண்ட் இல்ல. மாடல் தப்பா 210 சொல்லி வீட்ல நெஜமா 60-தான் ஓடியிருந்தாலும் ஷாப் அந்த தப்பான 210-ஐ ரொம்ப அழகா பங்கு போட்டு கலர் கலரா படம் குடுக்கும். படம் அழகா இருக்குறதாலயே ஒரு நம்பிக்கை வந்துடுது, எனக்கு அதுதான் இந்த டூல்ல பெரிய குறையா படுது.

உங்க படத்துல எந்த ஃபீச்சர (மாடலுக்கு குடுக்குற உள்ளீடு) நம்பலாம்னு அளக்க அந்த டேட்டாவுலயே ஒரு வசதி இருக்கு, நீங்க அத தூக்கி போட்டிருக்கீங்க. ஆர்வி1, ஆர்வி2-ன்னு ரெண்டு ஃபீச்சர் இருக்கும், வெறும் தற்செயல் எண்கள், வேணும்னே சேத்தது. அத நீக்காம மாடலுக்குள்ள விடுங்க. தற்செயல் எண்ணுக்கு எவ்வளவு முக்கியத்துவம் கெடைக்குதோ அதான் உங்க தரை மட்டம், அதுக்கு கீழயோ பக்கத்துலயோ நிக்கிற எந்த ஃபீச்சருக்கும் கதை எழுதாதீங்க. இன்னொரு வேடிக்கை, அந்த ஃபைல்ல ஆர்வி1-ம் ஆர்வி2-வும் வரிக்கு வரி ஒரே எண், கோரிலேஷன் (ரெண்டும் எவ்வளவு ஒத்து போகுதுங்கிற எண்) போட்டு பாருங்க, 1 வரும். இத வச்சே ஒரு சின்ன சோதனை பண்ணலாம். ரெண்டையும் விட்டு ஒரு தடவ, ஒண்ண மட்டும் விட்டு ஒரு தடவ ஓட்டி, தரை மட்டம் எப்படி மாறுதுன்னு பாருங்க. ஒரே தகவல் ரெண்டு பேருல இருந்தா முக்கியத்துவம் ரெண்டா பிரிஞ்சு போகலாம், இல்ல ஒண்ணே மொத்தமா வாங்கிடலாம், எது எவ்வளவு வாங்கும்ங்கிறது மரம் எத மொதல்ல எடுத்துச்சுங்கிறத பொறுத்தது.

இத நல்லா புடிச்சுக்கிட்டீங்கன்னா அடுத்தது தானா புரியும். ஒம்பது இடத்து வெப்பம் இருக்குன்னு சொன்னேன்ல, வீட்டுக்குள்ள இருக்குற எட்டு ரூமும் ஒரே சுவத்துக்குள்ள ஒரே சீசன்ல இருக்குறதால ஒண்ணு ஏறினா மத்ததும் ஏறும். ஜனவரியில எல்லாமே கம்மி, மே மாசம் எல்லாமே ஜாஸ்தி. அப்ப "பெற்றோர் ரூம் வெப்பம் அஞ்சாவது இடம், டீன் ஏஜ் ரூம் வெப்பம் எட்டாவது இடம்"ங்கிற வரிசைக்கு பெருசா அர்த்தம் கெடையாது, டேட்டாவ குலுக்குற ரேண்டம் சீட (தற்செயல் தேர்வோட தொடக்க எண்) மாத்தி ஓட்டினாலே வரிசை மாறலாம், ஓட்டி பாருங்க. வெப்பம் எல்லாத்தையும் ஒரு குழுவா சேத்து, அந்த மொத்த குழுவோட ஷாப் மதிப்ப கூட்டி ஒரே பட்டையா காட்டுங்க. மணி, கிழமை ஒரு குழு, ஈரப்பதங்கள் ஒரு குழு, வெளி வானிலை ஒரு குழு. படம் நாலு பட்டையா சுருங்கிடும், பாக்க மொக்கையா இருக்கும், ஆனா அடுத்த தடவ ஓட்டினாலும் கிட்டத்தட்ட அதே படம்தான் வரும், அதான் வேணும்.

இதவிட பெரிய பிரச்சனை ஒண்ணு, நீங்க கோடு எழுதின நோட்புக்க பாத்ததும் கண்ணுல பட்டது. மாடல் கத்துக்குற வரிகளையும் (ட்ரெயின்) அத சோதிக்கிற வரிகளையும் (டெஸ்ட்) குலுக்கி போட்டு பிரிச்சிருக்கீங்க, 75-க்கு 25. 10 நிமிஷத்துக்கு ஒரு ரீடிங் இருக்குற டேட்டால குலுக்கி பிரிச்சா, காலைல 10:20 ட்ரெயின்ல, 10:30 டெஸ்ட்ல, 10:40 மறுபடி ட்ரெயின்ல. வினாத்தாள் முன்னாடி நாளே கையில கெடச்ச பரீட்சை மாதிரிதான் அது, மார்க் வரும், ஆனா அது படிச்சதுக்கான மார்க் இல்ல. மரம் என்ன பண்ணும்னா மெதுவா மாறுற ஒரு ஃபீச்சர புடிச்சுக்கும், அத வச்சு "ஓ, இது பிப்ரவரியில அந்த குறிப்பிட்ட செவ்வாய்க்கெழம சாயந்திரம்"னு நாள அடையாளம் கண்டுக்கும், பக்கத்து வரியில என்ன நடந்துச்சோ அதையே சொல்லிடும். அந்த ஆய்வுல வானிலை மட்டும் குடுத்து ஓட்டுனப்ப காற்றழுத்தம்தான் முதல் இடத்துக்கு வந்துச்சு. காத்தோட வேகத்தோட அதுக்கு தொடர்பு இருக்குன்னு அவங்க சொல்றாங்க, இருக்கலாம். என் சந்தேகம் வேற: காற்றழுத்தம் மெதுவா மாறும், நாளுக்கு நாள் ஒரு தனி எண்ல நிக்கும், அதனால அது ஒரு தேதி முத்திரையா வேல செய்யுது. இத நிரூபிக்கப்பட்ட உண்மைன்னு எடுத்துக்காதீங்க, ஆனா சோதிக்கிறது சுலபம். ஜனவரியில இருந்து ஏப்ரல் கடைசி வரைக்கும் ட்ரெயின், மே மாசத்துல இருக்குற வரிகள் எல்லாம் டெஸ்ட்னு காலத்த வெட்டி ஓட்டுங்க. அப்ப காற்றழுத்தம் கீழ போயிடுச்சுன்னா அது முத்திரையா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

அப்படி வெட்டினா உங்க ஆர்-ஸ்கொயர் (1-க்கு பக்கமா இருந்தா நல்ல கணிப்பு, 0-ன்னா வெறும் சராசரிய சொல்றதுக்கு சமம்) அனேகமா சரியும், பயந்துடாதீங்க. மூல ஆய்வுலயே கிரேடியன்ட் பூஸ்டிங் (எக்ஸ்ஜிபூஸ்ட்டும் இந்த வகைதான்) ட்ரெயின்ல 0.97, டெஸ்ட்ல 0.57. லீனியர் ரெக்ரஷன் டெஸ்ட்ல 0.16. நீங்க அதவிட கூட வாங்கியிருக்கேன்னு சந்தோஷப்பட்டு எழுதியிருக்கீங்க, எனக்கு அந்த எடத்துலதான் சந்தேகம் வந்துச்சு. ஒப்பிட்டு பாக்குறதுக்கு ரெண்டு முட்டாள் மாடல் வச்சுக்கோங்க, ஒண்ணு "போன 10 நிமிஷம் எவ்வளவோ அவ்வளவே இப்பவும்", இன்னொண்ணு "இந்த கிழமை இந்த மணிக்கு இதுவரைக்கும் வந்த சராசரி". இந்த ரெண்டையும் தாண்டாத மாடலுக்கு விளக்கம் தேடுறது வெட்டி வேலை. கணிக்கவே தெரியாத மாடல் ஏன் அப்படி கணிச்சுதுன்னு தெரிஞ்சு என்ன பண்ண போறோம்.

சராசரி 98 வாட்-ஹவர்னு சொன்னேன், ஆனா நடு மதிப்பு 60-தான், உச்சம் 1,080. 10 நிமிஷத்துக்கு 60-னா 360 வாட், அதாவது ஃப்ரிட்ஜ், ரூட்டர், ஸ்டாண்ட்பைல கெடக்குற சாமான் எல்லாம் சேந்து எப்பவும் முணுமுணுத்துக்கிட்டு இருக்குற லோடு. 1,080-னா கிட்டத்தட்ட ஆறரை கிலோவாட், ஓவன், ட்ரையர், இன்னும் ஏதோ எல்லாம் ஒண்ணா ஓடுது. பெரும்பாலான வரிகள் அந்த அடிமட்டத்துலதான் கெடக்கு, மிச்சம் கொஞ்சம் வரிகள்தான் மேல குதிக்குது, உங்க பிழை கணக்கு முழுக்க அந்த குதிக்கிற வரிகள்லதான் இருக்கு. அதனால ஷாப் சராசரிய மட்டும் பாக்காம, 200-க்கு மேல போன வரிகளுக்கு தனியா, மிச்சத்துக்கு தனியா படம் போடுங்க. அடிமட்ட வரிகள்ல எந்த ஃபீச்சரும் பெருசா பேசாது, குதிக்கிற வரிகள்ல மணியும் கிச்சனும் பேசும். மனுசங்க எந்திரிக்கிற நேரம், சமைக்கிற நேரம், பசங்க வீட்டுக்கு வர்ற நேரம். மணிங்கிற ஃபீச்சர் அங்க மனுசங்களுக்கு பதிலா நிக்குது, இத ரிப்போர்ட்ல தைரியமா எழுதலாம். மின்சார அளவுக்கு லாக் (மடக்கை) எடுத்து ட்ரெயின் பண்ணீங்கன்னா ஷாப் பங்கும் லாக் அளவுலதான் இருக்கும், அத வாட்-ஹவர்னு எழுதிடாதீங்க, எக்ஸாமினர் புடிச்சிடுவார்.

கைடு விஷயத்துக்கு வர்றேன். "லீனியர்தான் புரியும்"ங்கிறதுல பாதி சரின்னு சொன்னதுக்கு காரணம், அது எடத்த பொறுத்தது. இந்த டேட்டால லீனியர் 0.16, அதாவது அது கிட்டத்தட்ட ஒண்ணுமே கத்துக்கல, அதோட குணகங்கள் (உள்ளீடுகளுக்கு அது போடுற எடை) எவ்வளவு தெளிவா இருந்தாலும் என்ன. அதுவும் ஒம்பது வெப்பமும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு இருக்குறப்ப ஒரு ரூமுக்கு பிளஸ், பக்கத்து ரூமுக்கு மைனஸ்னு குணகம் வரும், அதுக்கும் அர்த்தம் கெடையாது, நேர்கோடுங்கிறதால மட்டும் ஒரு மாடல் புரியிற மாடல் ஆயிடாது. ஆனா அவரு சொல்ல வர்ற மூல விஷயம் நியாயமானது: கருப்புப் பெட்டிய கட்டிட்டு அப்புறமா விளக்கம் தேடுறதுக்கு பதிலா, ஆரம்பத்துலயே உள்ள என்ன நடக்குதுன்னு தெரியிற மாதிரி மாடல் கட்டலாமேன்னு. கணினி அறிவியல் ஆராய்ச்சியாளர் சிந்தியா ருடின் 2019-ல இதத்தான் வாதாடி எழுதினாங்க, பெரிய பாதிப்பு உள்ள முடிவுகளுக்கு கருப்புப் பெட்டிய விளக்குறத நிறுத்துங்கன்னு. உங்களுக்கும் கைடுக்கும் நடுவுல ஒரு சமரசம் இருக்கு, ஈபிஎம் (எக்ஸ்ப்ளெய்னபிள் பூஸ்டிங் மெஷின்)னு சொல்லுவாங்க, மைக்ரோசாஃப்ட்டோட இன்டர்ப்ரெட்எம்எல் பேக்கேஜ்ல இருக்கு. ஒவ்வொரு ஃபீச்சருக்கும் ஒரு தனி வளைகோடு, வேணும்னா சில ஜோடிகளுக்கு ஒரு சேர்க்கை, எல்லாத்தையும் கூட்டினா கணிப்பு. மணிக்கு ஒரு கோடு, கிச்சனுக்கு ஒரு கோடு, அந்த கோடுதான் மாடலே, தனியா விளக்கம்னு ஒண்ணு தேவையில்ல. எக்ஸ்ஜிபூஸ்ட்டுக்கு பக்கத்துலயே ஸ்கோர் வாங்கிடும் பெரும்பாலும், உங்க டேட்டால வாங்குதான்னு ஓட்டினாதான் தெரியும்.

ஆனா ஈபிஎம் போட்டாலும் ஈரப்பத கோடு மேல ஏறிக்கிட்டுதான் இருக்கும், காரண காரியம் அதுலயும் தெரியாது. இதுக்கு மருத்துவத்துல இருந்து எல்லாரும் சொல்ற ஒரு உதாரணம், ரிச் கருவானா குழு 2015-ல எழுதினது. நிமோனியா நோயாளிகள்ல ஆஸ்துமா இருக்குறவங்களுக்கு சாகுற வாய்ப்பு கம்மின்னு மாடல் கத்துக்கிச்சு. ஆஸ்துமா காப்பாத்தல, ஆஸ்துமா இருக்குன்னு தெரிஞ்சதும் நேரா தீவிர சிகிச்சைக்கு அனுப்பிட்டாங்க, அதான் பொழச்சாங்க. புரியிற மாடலா இருந்ததால அந்த கோட்ட பாத்து டாக்டர்களால "இது அபத்தம்"னு சொல்ல முடிஞ்சுது. உங்க வாஷிங் ரூம் ஈரமும் அதே சாதி. விளக்கம் சொல்ற மாடலோட உண்மையான உபயோகம் இதுதான்னு நான் நெனைக்கிறேன், கண்டுபிடிப்பு சொல்றதுக்கு இல்ல, அபத்தத்த புடிக்கிறதுக்கு.

சரி, காரணம் தெரிஞ்சே ஆகணும்னா? அப்ப யாராவது வெளியில இருந்து ஒண்ண மாத்தி பாத்திருக்கணும். லண்டன்ல 5,567 வீடுகளோட அரை மணி நேர ரீடிங் பொதுவுல கெடைக்குது, 2011 நவம்பர்ல இருந்து 2014 பிப்ரவரி வரைக்கும். அதுல ஏறத்தாழ 1,100 வீட்டுக்கு 2013 முழுக்க விலைய மாத்தி மாத்தி குடுத்தாங்க, சாதாரணமா யூனிட்டுக்கு 11.76 பென்ஸ், சில நேரம் 67.20, சில நேரம் 3.99, முந்தின நாளே அறிவிச்சிடுவாங்க. அங்க விலைங்கிறது வீட்டுக்காரங்க செஞ்ச வேலையோட தடயம் இல்ல, மேல இருந்து வந்தது. அதனால விலை ஏறினப்ப கரண்ட் எவ்வளவு எறங்குச்சுன்னு படிக்கலாம், சொல்லலாம். விருப்பப்பட்டு சேந்த வீடுகள்ங்கிறதால எல்லா வீட்டுக்கும் அப்படியே நீட்டிட முடியாது, ஆனாலும் உங்க பெல்ஜியம் டேட்டால இந்த மாதிரி எதுவுமே கெடையாது. சந்தடி சாக்குல ஒண்ணு, அடுத்ததா பாரிஸ் பக்கத்துல சோ ஊர் வீட்டோட நிமிஷ டேட்டா எடுக்கலாம்னு எழுதியிருந்தீங்க, 2006 டிசம்பர்ல இருந்து 2010 நவம்பர் வரை 20 லட்சத்துக்கு மேல வரி. நல்ல டேட்டாதான், ஆனா அதுல ஆம்பியரும் வோல்ட்டும் ஃபீச்சரா இருக்கும், அத உள்ள விட்டு வாட்ட கணிச்சா 0.99 வரும், அது மெஷின் லேர்னிங் இல்ல, எட்டாங்கிளாஸ் பெருக்கல்.

ஒரே ஒரு வீடுங்கிறது இன்னொரு வரம்பு. நியூ ஜெர்சியில ட்வின் ரிவர்ஸ்ங்கிற குடியிருப்புல 1970-கள்ல பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆளுங்க பல வருஷம் அளந்தாங்க. ஒரே பிளான், ஒரே சைஸ் வீடுகள், ஆனாலும் ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் சூடேத்துற செலவு ரெண்டு மடங்கு வரைக்கும் வித்தியாசப்பட்டுச்சு. வீடு விக்கப்பட்டு வேற ஆளுங்க குடி வந்தா செலவும் மாறிடுச்சு. செவுரும் கூரையும் ஒண்ணுதான், உள்ள இருக்குறவங்க வேற. பெல்ஜியத்துல நாலு பேரு வாழ்ந்த நாலரை மாசம் மதுரைக்கு எதுவும் சொல்லாதுங்கிறதுக்கு இதவிட நல்ல ஆதாரம் வேண்டாம்.

அதே பிரின்ஸ்டன்ல இருந்து வந்த இன்னொண்ணுதான் உங்க வீட்டுக்கு ஒத்து வரும். மார்கரெட் ஃபெல்ஸ் 1986-ல எழுதின முறை, ப்ரிஸம்னு பேரு. மொத்தமே மூணு எண். வீட்ல எப்பவும் ஓடுற அடிப்படை செலவு ஒண்ணு, எந்த வெப்பநிலையில இருந்து கூடுதல் செலவு ஆரம்பிக்குதுங்கிறது ஒண்ணு, அதுக்கப்புறம் ஒவ்வொரு டிகிரிக்கும் எவ்வளவு ஏறுதுங்கிறது ஒண்ணு. அவங்க சூடேத்துறதுக்கு எழுதினாங்க, நம்ம அத திருப்பி ஏசிக்கு வச்சுக்கலாம். இது ஷாப் எல்லாம் வேண்டாம், மூணு எண்ணுக்கும் நேரடி அர்த்தம் இருக்கு, பாட்டிக்கு கூட சொல்லி புரிய வைக்கலாம்.

டேட்டாவுக்கு என்ன பண்றதுன்னா, ஈபி ரீடிங் ரெண்டு மாசத்துக்கு ஒண்ணுதான், வருஷத்துக்கு ஆறு எண், அத வச்சு எந்த மாடலும் கட்ட முடியாது. ரீடிங் எடுக்க வர்றவரு சரியா 60 நாள்ல வருவார்னும் இல்ல, அதனால பழைய பில்ல எடுத்தா கூட நாளால வகுத்துதான் பாக்கணும். நீங்களே தெனமும் ராத்திரி ஒரே நேரத்துக்கு மீட்டர் பாக்ஸ தெறந்து யூனிட் காட்டுற எண்ண குறிச்சு வைங்க. மார்ச்ல ஆரம்பிச்சா நல்லது, வெயில் ஏற ஏற கோடு எங்க ஒடையுதுன்னு தெரியும். கூடவே அன்னைக்கு சராசரி வெப்பம், கரண்ட் எத்தன மணி நேரம் போச்சு, விருந்தாளி யாராவது இருந்தாங்களா, ஊருக்கு போயிட்டீங்களா, இவ்வளவு போதும். கரண்ட் கட் முக்கியம், ஏன்னா இன்வெர்ட்டர் இருந்தா அது மறுபடி சார்ஜ் ஏத்துறப்ப கூடுதலா இழுக்கும், அன்னைக்கு எண்ணு கோணலா இருக்கும். அப்புறம் வெறும் எக்ஸெல்ல ஒடைப்பு வெப்பநிலைய 24, 25, 26-னு 32 வரைக்கும் மாத்தி மாத்தி போட்டு எதுல பிழை கம்மியோ அத எடுத்துக்கோங்க. நம்ம ஊர்ல ரெண்டு ஒடைப்பு வர வாய்ப்பு இருக்கு, ஃபேன் ஒரு வெப்பத்துல ஆரம்பிச்சு அதோட நின்னுடும், 75 வாட் ஃபேன் 40 டிகிரியிலயும் 75 வாட்தான், ஏசி அப்படி இல்ல, வெளி சூடு ஏற ஏற இழுக்கும். மார்கழியில கீசர் போடுற வீடா இருந்தா குளிர் பக்கமும் கொஞ்சம் தூக்கும். இதெல்லாம் உங்க வீட்ல தெரியுதா தெரியலையாங்கிறது டேட்டா வந்தப்புறம்தான், முன்னாடியே முடிவு பண்ணாதீங்க.

மாடல் எவ்வளவு துல்லியமா இருக்கணும்ங்கிறதுக்கும் நம்ம ஊர்ல ஒரு தனி காரணம் இருக்கு, ஸ்லாப். 2022 செப்டம்பர்ல வந்த கட்டணத்தையே வச்சு கணக்கு போடுறேன், அப்புறம் விலை மாறியிருக்கு, நீங்க இப்ப உள்ளத போட்டுக்கோங்க. கற்பனையா ஒரு வீடு, அடிப்படை நாளைக்கு 5 யூனிட், 28 டிகிரிக்கு மேல டிகிரிக்கு 0.8 யூனிட். ரெண்டு மாச சராசரி 32 டிகிரின்னா நாளைக்கு 8.2, 60 நாளைக்கு 492 யூனிட். 500-க்குள்ள இருக்குறதால முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 2.25, அடுத்த 200-க்கு 4.50, மிச்சம் 92-க்கு 6 ரூபா, மொத்தம் 1,677. அதே வீடு, அதே பழக்கம், வெயில் ஒரே ஒரு டிகிரி கூட, 540 யூனிட். 500-ஐ தாண்டினதால 2.25 ஸ்லாபே காணாம போயிடும், 101-ல இருந்து 400 வரைக்கும் 4.50, அடுத்த 100-க்கு 6, மிச்சம் 40-க்கு 8, மொத்தம் 2,270. 48 யூனிட்டுக்கு 593 ரூபா, யூனிட்டுக்கு 12 ரூபாய்க்கு மேல விழுது. யூனிட்ட 5 சதவீத பிழையோட கணிச்சுட்டு "நல்ல மாடல்"னு சொல்றது 300 யூனிட் வீட்டுக்கு சரி, 490 யூனிட் வீட்டுக்கு பத்தாது. அங்க ஒரு எண்ண கணிக்கிறதவிட "500 தாண்ட எவ்வளவு வாய்ப்பு"னு கணிக்கிறதுதான் வீட்ல உள்ளவங்களுக்கு உதவும், 45-வது நாள்ல மீட்டர பாத்து சொன்னீங்கன்னா மிச்சம் 15 நாளைக்கு ஏசிய என்ன பண்றதுன்னு அவங்க முடிவு பண்ணிப்பாங்க.

ரிப்போர்ட்டுக்கு திரும்ப வந்தா, அந்த ஈரப்பத வரிய எடுத்துட்டு இப்படி எழுதுங்க: "வாஷிங் ரூம் ஈரப்பதம், அங்க துணி துவைக்கிற வேலை நடக்குதாங்கிறதுக்கு மறைமுக அடையாளமா மாடல் பயன்படுத்துதுன்னு தோணுது, ஈரப்பதத்த மாத்தினா பயன்பாடு மாறும்ங்கிறதுக்கு இந்த டேட்டால ஆதாரம் இல்ல." கூடவே மே மாச டெஸ்ட் ஸ்கோர், ரெண்டு முட்டாள் மாடலோட ஸ்கோர், நாலு குழு ஷாப் படம், ஈபிஎம் மணி கோடு. மே மாசத்த பிரிச்சு ஓட்டினதும் எண்கள இங்கயே போடுங்க, எக்ஸ்ஜிபூஸ்ட் அந்த கிழமை-மணி சராசரிய கூட தாண்டலன்னா மேல சொன்னதுல பாதிய மாத்தி யோசிக்கணும்.